சங்கிலி எத்தனை சென்டிமீட்டர்? கால் விலங்கு செய்யும் பட்டறைகளுக்கு

பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் லேசர் கட்டிங், வயர்கட் (மின்பொறிக் கம்பியால் உலோகம் வெட்டுவது), பவர் பிரஸ் வேலை எடுக்கும் பட்டறைகளில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கைவிலங்கு, கால் விலங்கு போன்ற டெண்டர் சாமான்களுக்கு வரைபடம் கேட்டு யாராவது வந்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: "எத்தனை கிலோ தாங்கும்?" கேள்வி தப்பில்லை, ஆனால் அதற்குப் பதில் சுலபம். 5 மி.மீ. கம்பியில் வளையம் போட்டு ஒழுங்காக வெல்டு செய்த சங்கிலியை எந்த மனிதக் காலும் இழுத்து அறுக்காது. கால் விலங்கில் கோளாறு வேறு மூன்று இடங்களில் வரும்: மாட்டியவர் தடுக்கி விழுவது, கணுக்கால் வீங்கி இறுகுவது, அவசரத்தில் திறக்காமல் போவது. வரைபடத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் சட்டம். இதைத் தெரியாமல் செய்தால் சாமானே தப்பாகப் போகும். 1894 சிறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, பாதுகாப்புக்குத் தேவை என்று கருதினால் கைதிக்கு விலங்கு பூட்டச் சிறைக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் தந்தது. திகார் சிறையில் சார்லஸ் சோப்ராஜுக்கு இரவு பகலாகத் தண்டு விலங்கு, அதாவது வடக்கே டண்டா பேடி என்கிறார்களே அது, மாட்டி வைத்திருந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதே சிறையின் இன்னொரு கைதி சுனில் பத்ராவின் மனுவோடு சேர்த்துத் தந்த 1978 தீர்ப்பு அந்த அதிகாரத்தைச் சுருக்கியது. 1980 பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், விலங்கு போடுவது விதிவிலக்காகத்தான் இருக்க வேண்டும், காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். 1995இல் அஸ்ஸாம் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், சிறைக்குள்ளோ வழியிலோ மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் கைவிலங்கோ வேறு விலங்கோ கூடாது என்றார்கள். 2022 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு, தேவையில்லாமல் கைவிலங்கு போடப்பட்ட ஒருவருக்கு அரசு 2 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 43(3) பிரிவு சில வகைக் குற்றங்களில் போலீசுக்குக் கைவிலங்கு போட இடம் தருகிறது. அதில் இருப்பது கைவிலங்கு மட்டும். அதைக் காலுக்கும் நீட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐ.நா.வின் மண்டேலா விதிகள் (2015) இன்னும் நேரடியாக வடிவமைப்பைத் தொடுகின்றன. இயல்பிலேயே இழிவுபடுத்துகிற அல்லது வலி தருகிற சங்கிலி, இரும்பு விலங்கு கூடவே கூடாது. மற்ற வகைகளும் வேறு வழி இல்லாதபோது, தேவையான நேரத்துக்கு மட்டும். நீதிபதி முன் நிறுத்தும்போது கழற்ற வேண்டும். பிரசவ வலியிலும் பிரசவத்தின்போதும் அதை ஒட்டிய நேரத்திலும் பெண்களுக்கு எதுவும் மாட்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/125 ஒழுங்குமுறை, இரண்டு கால் வளையங்களை விறைப்பான தண்டால் இணைக்கும் விலங்கையும் எடை கூட்டிய கால் விலங்கையும் வணிகத் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே யாராவது "தண்டு வைத்துக் கொடுங்க", "கொஞ்சம் கனமா இருக்கட்டும்" என்று கேட்டால் பதில் இல்லை என்பதுதான். சுவரிலோ வண்டியிலோ கட்டிலிலோ கோக்கக் கூடுதல் வளையம் கேட்டாலும் அப்படியே. வண்டி தீப்பிடித்தால் அந்த வளையம் என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும்.

இனி சங்கிலி. இதில்தான் அதிகப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எண் போடுகிறார்கள். ஓட விடக் கூடாது, நடக்க விட வேண்டும் என்பது நோக்கம். ஓட்டத்தில் ஒரு எட்டு 1 மீட்டரைத் தாண்டும். சாதாரண நடையில் 65 முதல் 75 செ.மீ. ஆகவே 35 முதல் 40 செ.மீ. சங்கிலி ஓட்டத்தைத் தடுத்துவிடும், சின்ன எட்டு வைத்து நடக்கலாம். "அப்படியானால் 25 செ.மீ. இன்னும் பத்திரம்தானே" என்று கேட்பவர்களுக்குப் படிக்கட்டைக் காட்ட வேண்டும்.

நீதிமன்றப் படி ஒன்றின் உயரம் 17 செ.மீ., மிதி, அதாவது கால் வைக்கும் அகலம், 27 செ.மீ. என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினாலும், மேலே போகும் பாதம் படி விளிம்பில் இடிக்காமல் இருக்க 4 செ.மீ. கூடுதலாகத் தூக்க வேண்டும்: உயரம் 21. இரண்டு கணுக்கால்களுக்கும் பக்கவாட்டில் 12 செ.மீ. இடைவெளி. மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 36 செ.மீ. இது கணுக்கால் மையத்திலிருந்து மையத்துக்கு. சங்கிலி விறைக்கும்போது வளையம் திரும்பி, பக்கத்துக்கு 4 செ.மீ. வீதம் 8 செ.மீ. தானே கிடைக்கும். மிச்சம் 28. அதாவது 28 செ.மீ. சங்கிலியில் தப்புக்கு இடமே இல்லை. 25இல் கட்டாயம் விழுவார். கையும் பூட்டியிருந்தால் ஊன்றக் கை இல்லாமல் முகம் நேரே படியில். 38 செ.மீ. வைத்தால் 10 செ.மீ. தாராளம் கிடைக்கும். இந்தியக் கழிப்பறையில் கால் அகட்டிக் குந்தவும் அந்தத் தாராளம் வேண்டும். வெளிநாட்டு வரைபடங்களில் இந்த விஷயம் கண்ணிலேயே படாது.

அதே கணக்கைப் போலீஸ் வேனின் பின் படிக்குப் போட்டுப் பாருங்கள். தரையிலிருந்து 40 செ.மீ., தூக்க 5 செ.மீ., முன்னால் 20 செ.மீ., பக்கவாட்டில் அதே 12 செ.மீ.: மையம் மையம் 51 செ.மீ. தேவை. 38 செ.மீ. சங்கிலியில் கிடைப்பது 46. ஏற முடியாது. தூக்கிப் போடுவார்கள், அல்லது இழுப்பார்கள். சங்கிலியை நீட்டினால் ஓடலாம் என்றாகிவிடும். தீர்வு 20 செ.மீ. உயர முக்காலி ஒன்றுதான், விலங்கோடு சேர்த்து அதையும் டெண்டரில் எழுதச் சொல்லுங்கள். வழிக்காவலில் இருப்பவர் ஒரு கையால் கைதியின் மேல்கையைப் பிடித்தே நடக்க வேண்டும் என்பதையும் பயன்பாட்டுத் தாளில் போடுங்கள்.

வளையத்தின் அளவு அடுத்தது. கணுக்கால் எலும்புப் புடைப்புக்குச் சற்று மேலே, கால் மெலிந்திருக்கும் இடத்தில் அது உட்கார வேண்டும். வளர்ந்த ஆண்களுக்கு அங்கே சுற்றளவு 20 முதல் 25 செ.மீ. வரை பரவலாக வரும். குதிகாலையும் பாதத்தின் மேல்பகுதியையும் சுற்றி அளந்தால் அதைவிட வெகுவாக அதிகம், அதனால்தான் வளையம் கழன்று வராது. உள் சுற்றளவில் ஒரு அளவு 195 முதல் 265 மி.மீ., இன்னொரு சிறிய அளவு 165 முதல் 235 மி.மீ. என இரண்டு வைத்தால் பெரும்பாலான கால்களுக்குப் பொருந்தும். ஒரே அளவில் எல்லாரையும் அடக்கப் பார்த்தால் பல் வெட்டிய கை (வளையத்தை மூடும் நகரும் பாகம்) நீளமாகி, மூடாத நிலையில் முனை வெளியே துருத்தி ஆடையில் மாட்டும். கைவிலங்கைக் காலில் மாட்டும் வழக்கம் வேறு சில இடங்களில் உண்டு. ஐரோப்பிய விதியில் சாதாரணக் கைவிலங்கின் உள் சுற்றளவுக்கு உச்சவரம்பே முதல் பல்லில் 200 மி.மீ.; அது பெரும்பாலான கணுக்காலில் மூடவே மூடாது, மூடினால் நரம்பை நெரிக்கும்.

வளையம் காலில் எங்கே குத்துகிறது என்று தெரிந்தால்தான் விளிம்பு வேலை புரியும். நடக்கும்போது சங்கிலி முன் காலைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிறது. அப்போது வளையத்தின் முன்பக்கம் முழங்கால் கீழ் எலும்பில் அறைகிறது. அதே நொடியில் பின் காலின் வளையம் குதிகால் நாணில் ஏறுகிறது. 65 கிலோ ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி ஏறக்குறைய 4 கிலோ. அது விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து 1 செ.மீ.க்குள் நின்றால் சராசரி விசை 800 நியூட்டன். 3 மி.மீ. தகட்டின் விளிம்பு 60 மி.மீ. நீளத்துக்குப் படிந்தால் அழுத்தம் 4.4 மெகா பாஸ்கல். 25 மி.மீ. அகலப் பட்டை கொடுத்தால் 0.53. எட்டில் ஒரு பங்கு. ஆகவே உள்பக்கம் அகலமான டி.பி.யூ. (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) உறை கட்டாயம், ஷோர் ஏ என்ற ரப்பர் கடின அளவில் 70 முதல் 80, கழற்றி மாற்றும்படி. துணியோ ஃபோமோ ஒட்ட வேண்டாம்: வியர்வையும் சீழும் ஏறி, அடுத்த ஆளுக்குத் தொற்று போகும். தகட்டு விளிம்புகளை முழு வட்டமாக உருட்டுங்கள். பழைய பருத்தித் துணியைச் சுற்றி இழுத்தால் நூல் சிக்கும் இடம்தான் பிசிர் இருக்கும் இடம். நிக்கல் பூச்சு சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும், தோலில் படும் பாகங்களுக்கு எஸ்.எஸ். 304 துருப்பிடிக்காத எஃகு போதும்.

பூட்டு: பல் வெட்டிய கை ஒன்று இரண்டு கன்னத் தகடுகளுக்கு நடுவே சுழன்று உள்ளே போகும், ஸ்பிரிங் தள்ளும் மூன்று பல் நாக்கு அதைப் பிடிக்கும். முழுச் சுற்று சுழலும் இந்த அமைப்பு 1912இல் காப்புரிமை பெற்றது, இன்றும் மாறவில்லை. பல்லின் இடைவெளி 3 மி.மீ., 24 பல். இழுவை இலக்கு 2200 நியூட்டன் வைத்தால், அது கீல் பக்கமும் பல் பக்கமும் பிரிந்து பல்லுக்கு 1100 வரும். ஒரு பல்லின் அடிப்பரப்பு 3 × 2 = 6 சதுர மி.மீ. மூன்று பல்லும் ஏந்தினால் 61 மெகா பாஸ்கல், பிரச்சினையே இல்லை. ஆனால் லேசரில் வெட்டிய பல்லில் சாய்வு இருக்கும், வெப்பம் பட்ட ஓரம் இருக்கும். நடைமுறையில் ஒரே பல்தான் தாங்கும். 183. பதப்படுத்தாத இ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) இரும்பு வெட்டு விசையில் 160 சுமாரிலேயே வளைந்து கொடுக்கும். பல் மழுங்கி, நாக்கு வழுக்கும். பற்களை வயர்கட்டில் எடுத்து, அடியில் 0.3 மி.மீ. ஆரம் விட்டு, ராக்வெல் சி என்ற கடின அளவில் 38 முதல் 42க்குப் பதப்படுத்துங்கள். 50க்கு ஏற்றினால் அடியில் விரிசல் விடும்.

பூச்சில் இரண்டு பொறிகள். துத்தநாக முலாம் பூசும்போது ஏறும் ஹைட்ரஜன், பதப்படுத்திய நாக்கையும் ஸ்பிரிங்கையும் நொறுங்க வைக்கும். பாக்கெட்டில் வைத்த சாமான் யாரும் தொடாமலே உடைந்திருக்கும். முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் குறைந்தது 4 மணி நேரம் சுட வேண்டும். சுட்டோம் என்று சொன்னால் போதாது, அடுப்பின் வெப்பப் பதிவைக் கேளுங்கள். இன்னொன்று பவுடர் கோட்டிங். கன்னத் தகடுகளுக்கு இடையே 3.2 மி.மீ., கை 3 மி.மீ., ஆக இடைவெளி 0.2. பவுடர் ஒரு முகத்துக்கு 70 மைக்ரான். நான்கு முகம் சேர்ந்தால் 0.28. கை உள்ளே போகவே போகாது. அல்லது தட்டி நுழைத்துவிட்டு "டைட்டா இருக்கு சார்" என்பார்கள். உள்பாகங்களுக்கு முலாம் மட்டும்.

நாக்கை அசையாமல் தடுத்து, விலங்கு மேலும் இறுகாமலும் தளராமலும் நிறுத்தும் இரட்டைப் பூட்டைப் பற்றி ஒரு அரைகுறை எண்ணம் உண்டு, திருடன் திறக்காமல் இருக்கத்தான் அது என்று. அதுவும் உண்மைதான். ஆனால் முக்கியப் பயன் கைதிக்கு. அது போடாத விலங்கு ஒரு பக்கம் மட்டுமே நகரும்: இறுகும் பக்கம். காலை மடித்து உட்கார்ந்தாலே ஒரு பல் ஏறிவிடும். ஆகவே இரட்டைப் பூட்டு விரலால் தொட்டுத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், இருட்டு வேனுக்குள் மாட்டுபவருக்கு அது போட்டதா இல்லையா என்று கையே சொல்ல வேண்டும். சாவி கைவிலங்கின் பொதுச் சாவியே. தனிச் சாவி வைத்தால் ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமும் இருக்காது. பழைய விலங்குகளை ஆணி அடித்து மூடிக் கழற்றக் கொல்லனைத் தேடினார்கள், அந்தக் காலத்தோடு அது போகட்டும்.

பெல்லாரியிலிருந்து பெங்களூர் வரை காலைத் தொங்கப் போட்டு வந்தால் விலங்கு இல்லாமலே கால் வீங்கும். மாட்டும்போது ஆள்காட்டி விரல் நுனி தாராளமாக உள்ளே போக வேண்டும். பிறகு 15 நிமிடத்தில் ஒரு தடவை, அடுத்து அரை மணிக்கு ஒரு தடவை: கால் கட்டை விரல் நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், மரத்துப் போகிறதா என்று வாயால் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மரத்ததே தெரியாது, அவர் சொல்வதை மட்டும் நம்பாமல் கண்ணால் பாருங்கள். நீர்க்கோத்த கால், ஆறாத புண், நரம்புச் சுருட்டல் இருந்தால் கால் விலங்கே வேண்டாம்.

எடை மொத்தம் 600 கிராமுக்குள் வரும்: 5 மி.மீ. சங்கிலி 38 செ.மீ. சுமார் 190 கிராம், வளையம் ஒன்று 190. இதற்கு மேல் ஏறினால் எங்கோ தேவையில்லாத உலோகம் இருக்கிறது.

ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை: பெரிய அளவை 62, 73, 84 மி.மீ. விட்டமுள்ள மர உருளைகளில் மூடித் திறந்து பார்ப்பது. 2200 நியூட்டன் 30 விநாடி இழுத்துப் பின் சாவியால் திறப்பது (உடையாமல் இருந்து திறக்காமல் போனால் அது தோல்வி). சேறும் உப்புத் தண்ணீரும் பட்டுக் காய்ந்த பின் ஒரு கையால் திறப்பது. சங்கிலியின் சுழல் முனை முறுக்கு விழாமல் சுற்றுகிறதா என்பது. சாவிச் சோதனைக்கு லாட்டில் 50க்கு 1 என்று எடுத்தால் போதாது, அது ஒவ்வொன்றுக்கும் வேண்டும். கையெழுத்துப் போட்ட சீட்டில் வரிசை எண்ணோடு அது பதிவாக வேண்டும், அந்த எண் கன்னத் தகட்டிலும் பொறித்திருக்க வேண்டும்.