அடிவாங்கிய நாட்களை எழுதிய கொப்பி

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். அம்மா சீட்டுப் பிடித்துக் கட்டித்தந்த வீடு அது, உறுதி என் பெயரில். அந்த வீட்டுக்குள்ளேதான் ஒன்பது வருடம் கணவரிடம் அடி வாங்கினேன்.

ஒருமுறை பொலிசுக்குப் போனேன். அவரையும் கூப்பிட்டு இருவருக்கும் புத்தி சொல்லி, ஒரே ஓட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு நடந்ததை இங்கே எழுத மனம் வரவில்லை.

சின்னவனை நிறுக்க வந்த மிட்வைஃப் மிஸ் என் கையைப் பார்த்தார். அம்மா குசினிக்குப் போகும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டார். அரசாங்க ஆஸ்பத்திரிகளில், வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு உதவ ‘நட்பு நிலையம்’ என்று ஓர் இடம் இருப்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். கிளினிக்குக்கு என்று சொல்லிவிட்டு ஆரையம்பதியில் பஸ் ஏறினேன். கல்லடிப் பாலம் வந்ததும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

அங்கே இருந்த மிஸ் கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இண்டைக்கு ராவைக்கு எங்க படுப்பீங்க?” நான் என்ன செய்தேன், ஏன் அடித்தார் என்றெல்லாம் கேட்கவே இல்லை. பொறுத்துப் போ என்றோ விட்டுவிட்டு வா என்றோ சொல்லவும் இல்லை. முதலில் பாதுகாப்பு, மற்றதெல்லாம் பிறகு என்றார். வீட்டு உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் போயின. மூத்தவள் ஒரு தொலைபேசி இலக்கத்தைப் பாடமாக்கினாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரை. கட்டளை கிடைத்தது, அவர் வெளியேறினார்.

ஆனால் பயம் வெளியேறவில்லை. ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கை விறைத்துப் போகும். நித்திரை இல்லை. பிள்ளைகள் மீது எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகுதான் உளநலப் பிரிவில் உண்மையான சிகிச்சை தொடங்கியது. டொக்டர் குளிசை தந்தார். முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் இல்லை. “பைத்தியத்துக்குக் குடிக்கிற மருந்து நமக்கெதுக்கு மனே?” என்று அம்மா அழுதா. நிறுத்தப் பார்த்தேன். வேலைசெய்ய நாலு கிழமையாவது எடுக்கும், தானாக நிறுத்தக்கூடாது என்று டொக்டர் விளக்கினார்.

கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணை மிஸ். கால் இரண்டையும் தரையில் அழுத்திவைத்து, மூச்சை இழுப்பதைவிட நீளமாக விடப் பழக்கினார். பிறகு ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். ‘நான் வாய் காட்டியதால்தான் அடித்தார்’ என்று அடிக்கடி சொல்வேன். சரி, ஒரு பக்கத்தில் வாய் காட்டி அடிவாங்கிய நாட்களை எழுதுங்கள், மற்றப் பக்கத்தில் பேசாமல் இருந்தும் அடிவாங்கிய நாட்களை எழுதுங்கள் என்றார். ஞாபகம் வந்தவற்றை எழுதினேன். இரண்டாம் பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிற்று. அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன்.

மிகக் கஷ்டமானது, அந்த ஓர் இரவை முதலிலிருந்து கடைசிவரை வாயால் சொல்வது. ஆறாவது கிழமைதான் முயன்றேன், பாதியில் குரல் அடைத்துவிட்டது. அவசரமில்லை என்றார். மூன்றாம் தரம் சொல்லும்போது, பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டித் தட்டி என் பெயரைக் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. அது எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அன்றைக்கு நான் தனியாக இருக்கவில்லை.

2019இல் தொகைமதிப்புத் திணைக்களம் நாடு முழுவதும் எடுத்த கணக்கில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் இப்படி உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர். எங்கள் ஒழுங்கையில் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது போக வழி தெரியாவிட்டால், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், 1926 மனநல உதவி இலக்கம். அவர் பார்க்காத போனிலிருந்து எடுங்கள்.

மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஆனால் கை விறைப்பதில்லை. இப்போது மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறேன். விடிய எழும்பி அம்மா சோற்றுப் பார்சல் கட்டி வைக்கிறா. “கிளினிக் நாள் மனே, பஸ்ஸ விட்டுராத.”