தன்னார்வலர் தலைவர் தேர்வு: குனிந்ததால் தோற்றேன்

அலுவலகத்தின் துப்புரவுப் பணிகளில் தன்னார்வலர்களை வழிநடத்துகிறவர்களுக்கான தேர்வின் முடிவு வந்து நான்கு நாள் ஆகிறது. தேறிவிட்டேன், இரண்டாவது முயற்சியில். முதல் முறை எழுத்துத் தேர்வில் எங்கள் குழுவிலேயே அதிக மதிப்பெண் வாங்கிவிட்டு, களத்தேர்வில் பதினைந்தாவது நிமிடத்திலேயே வெளியே போனவன் நான். அந்த எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன்.

எழுத்து, ரிஸ்க் ஷீட் (இடத்தின் ஆபத்துகளையும் அவற்றைச் சமாளிக்கும் வழிகளையும் எழுதும் தாள்), களம் என்ற மூன்று பகுதிகளையும் விளக்கப் போவதில்லை. அலுவலகத்தில் இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு அது தெரிந்ததுதான். நேராகக் களத்துக்கே வருகிறேன்.

எனக்குக் கிடைத்தது ஆற்றங்கரைத் துப்புரவு. சக ஊழியர்கள் 18 பேர், 40 நிமிடம். ஆரம்ப விளக்கத்தைச் சரியாகத்தான் சொன்னேன். எல்லை எது, விசில் அடித்தால் என்ன செய்ய வேண்டும், ஊசியோ கண்ணாடியோ கிடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எதையும் விடவில்லை. அப்புறம்தான் சேற்றில் பாதி புதைந்த ஒரு மீன்வலை என் கண்ணில் பட்டது. இழுத்தேன், வரவில்லை. மண்டியிட்டுத் தோண்டினேன். மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

“உங்கள் ஆட்கள் இப்போது எத்தனை பேர்?”

“பதினெட்டு.”

“எண்ணிச் சொல்லுங்கள்.”

பதினாறு. மற்ற இருவர் கொடி நட்ட எல்லையைத் தாண்டி, ஆறு வளைகிற இடத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் தேர்வு மட்டும் அங்கேயே முடிந்தது. அந்த வலையை வேறு யாரோ வெளியே எடுத்தார்கள்.

என் குணம் அப்படி. பேசுவதைவிட வேலையை இழுத்துப் போட்டுச் செய்வது எனக்குச் சுலபம், அலுவலகத்தில் இதற்காகத்தான் என்னைப் பாராட்டுவார்கள். இந்தத் தேர்வில் அதுவே குழி. தலைவர் குனிந்தால் அவர் கண்ணுக்குத் தெரிவது காலடி மண் மட்டும்தான். நீங்களும் என்னைப் போன்ற ஆள் என்றால் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள்: குனியாதீர்கள். பாட்டிலைக்கூட எடுக்காதீர்கள். என்னோடு எழுதிய ஒருவர் கலகலவென்று பேசிக்கொண்டே முதல் முறையிலேயே தேறினார். அவர் குனியவே இல்லை, குனிகிற ஆளும் இல்லை!

இரண்டாவது முறை கையுறையையே மாட்டவில்லை, கை துறுதுறுத்தாலும் எதையும் தொட முடியாதபடி. ‘தலைவரே கையுறை இல்லாமல் நிற்கலாமா?’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். நியாயம்தான். அதனால் கையுறையை மாட்டிக்கொண்டு, எழுதுபலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் கொஞ்சம் மேடான இடம் பார்த்து நில்லுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை தலை எண்ணுங்கள், அதுவும் வாய்விட்டு. மனதுக்குள் எண்ணினால் மதிப்பெண் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

எழுத்துத் தேர்வுக்கு இரண்டு மாலை போதும். உலகக் கடற்கரைத் துப்புரவு 1986-ல் டெக்சாஸில் தொடங்கியது, எஸ்டோனியாவில் 2008-ல் சுமார் 50,000 பேர் ஒரே நாளில் நாட்டையே சுத்தம் செய்தார்கள் என்ற வகைக் கேள்விகள் வரும். ஆண்டை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாமல், டெக்சாஸில் ஆரம்பத்திலிருந்தே குப்பையை வகைவாரியாக எண்ணிப் பதிந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். சிகரெட் துண்டுதான் பல ஆண்டுகள் பட்டியலில் முதலிடம் என்று சொல்ல முடிவது அந்தக் கணக்கால்தான். அதன் ஃபில்டர் பஞ்சு அல்ல, ஒரு வகை பிளாஸ்டிக். இதை எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ரிஸ்க் ஷீட்டில் எல்லாரும் முதல் வரியிலேயே ‘கையுறை, பூட்ஸ்’ என்று எழுதுகிறார்கள். வரிசையில் அவை கடைசி. முதலில் ஆபத்தையே நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். வழுக்குகிற சரிவு இருந்தால் அந்தப் பகுதியை எல்லைக்கு வெளியே விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கையால் தொடாமல் குப்பை எடுக்க இடுக்கி, பிறகு விதிகள், எல்லாம் முடிந்த பிறகு கையுறை.

இன்னும் சில, வரிசை பார்க்காமல்:

- இடி, மின்னலுக்கு 30-30. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடி அல்லது அதற்கும் குறைவு என்றால் எல்லாரும் உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் வரை வெளியே வரக் கூடாது.
- கரை ஒதுங்கிய கடற்பாசி குப்பை இல்லை. சிறு உயிர்களும் பறவைகளும் அதை நம்பி இருக்கின்றன. வாரிவிட்டால் மதிப்பெண் போச்சு.
- ஆகாயத்தாமரையை அகற்றும் பணி வந்தால், பிய்ந்த துண்டுகளைத் தண்ணீரில் விடாதீர்கள். துண்டிலிருந்தே மறுபடி முளைக்கும்.
- காலில் வெட்டுக்காயம் இருப்பவர் தேங்கிய தண்ணீரில் இறங்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காயம் வழியாகத் தொற்றுகிற எலிக்காய்ச்சலின் பெயரை ஆரம்ப விளக்கத்திலேயே சொல்லுங்கள்.
- ஆரம்ப விளக்கம் ஐந்து நிமிடம். பருவநிலை மாற்றம் பற்றிச் சொற்பொழிவு வேண்டாம், யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, பயிற்சியில் யாரும் சொல்லித்தராத ஒரு தொல்லை. குழுவில் உங்கள் மேலாளரும் இருப்பார். ஐந்தே நிமிடத்தில் அவரே தலைமை தாங்க ஆரம்பித்துவிடுவார், மற்றவர்களும் பழக்கத்தில் அவர் முகத்தையே பார்ப்பார்கள். ‘சார், எல்லைக்குள் வாருங்கள்’ என்று சொல்ல நாக்கு எழாது. இரண்டாவது முறை எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். குப்பையை எண்ணிப் பதிகிற படிவத்தை அவர் கையில் கொடுத்து, “இதைச் சரியாக எழுத ஆள் வேண்டும் சார், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றேன். முடிகிற வரை மூட்டைப் பக்கத்தைவிட்டு அவர் நகரவே இல்லை. மூடிகளை நிறவாரியாகப் பிரிக்கட்டுமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.