நூலுக்கு 12, துணிக்கு 5: தேங்கிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற்ற அனுபவம்

ஈரோட்டில் ரயான் துணி நெய்யும் சிறிய விசைத்தறிக் கூடம் எங்களுடையது. 2025 செப்டம்பர் 22-க்கு முன்புவரை ரயான் நூலுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி, துணிக்கு 5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய்க்கு நூல் வாங்கினால் வரி 12,000. அதை நெய்து 1,40,000 ரூபாய்க்கு விற்றால், வாங்குபவரிடமிருந்து கிடைக்கும் வரி 7,000. துணிக்கு அரசு விதித்த வரியே அவ்வளவுதான். நூற்பாலை வழியாக அரசுக்குப் போயிருப்பதோ 12,000. இடையிலுள்ள 5,000 ரூபாயைச் சுமப்பவர் தறிக்காரர். அது ஜிஎஸ்டி தளத்தில் எங்கள் பெயரிலுள்ள வரிக் கணக்கான மின்னணு வரவுப் பேரேட்டில் எண்ணாக நிற்கும்; அதை எடுத்துத் தறி ஓட்டுபவருக்குக் கூலி கொடுக்க முடியாது. மதிப்புக் கூட்டு வரி வியாபாரியின் தலையில் விழாமல் நுகர்வோரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. விகிதம் தலைகீழானதும் அந்தச் சங்கிலி எங்கள் கூடத்தில் அறுந்துவிட்டது.

துணிக்கு இந்த வரியைத் திரும்பக் கேட்கும் உரிமையே 2018 ஆகஸ்ட் 1 முதல்தான் கிடைத்தது. கேட்பதற்கான படிவம் ஆர்எஃப்டி-01. படிவத்தை நிரப்புவது எளிது; அதற்கு முந்தைய வேலைதான் கடினம். விற்பவர்கள் தாக்கல் செய்யும் கணக்கிலிருந்து தானாக உருவாகும் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யில் ஒவ்வொரு கொள்முதல் பில்லும் ஏறியிருக்க வேண்டும். நூல் வியாபாரி ஒருவர் தன் விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யாததால் எங்கள் பில்கள் அதில் வரவில்லை. வரியோடு சேர்த்து அவருக்கு முழுப் பணமும் கொடுத்திருந்தோம். அப்படியும் அவர் தாக்கல் செய்யும்வரை அந்தத் தொகையைக் கேட்க வழியில்லை. விற்றவர் கடமை தவறினால் வாங்கியவரைத் தண்டிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. நேரில் போய்ப் பேசித்தான் தாக்கல் செய்ய வைத்தோம்.

விண்ணப்பித்த பிறகு விளக்கம் கேட்டு ஆர்எஃப்டி-08 நோட்டீஸ் வந்தது. தறி உதிரிபாகங்களுக்கும் பேக்கிங் பொருள்களுக்கும் கட்டிய வரியைக் கணக்கில் சேர்த்தது ஏன் என்பது கேள்வி. பதில் தர 15 நாள் அவகாசம். 2019 நவம்பர் 18-இல் வெளியான 125/44/2019 எண் சுற்றறிக்கை, மூலதனச் செலவாகக் காட்டப்படாத உதிரிபாகங்களும் பேக்கிங் பொருள்களும் உள்ளீடுகளே என்று தெளிவாகச் சொல்கிறது. எங்கள் ஆடிட்டர் அந்தப் பத்தியை அப்படியே எடுத்துக்காட்டி, பில் வாரியாகப் பட்டியலிட்டு, ஆர்எஃப்டி-09-இல் பதில் அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். பணத்தைத் திரும்பத் தரும் ஆர்எஃப்டி-06 ஆணை வந்தது, பணமும் வங்கிக் கணக்கில் ஏறியது. நோட்டீஸ் வந்தால் பலர் பயந்து அந்தத் தொகையையே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், அது உங்கள் பணம்.

ஆனாலும் முழுத் தொகை வரவில்லை. திரும்பத் தரும் தொகையைக் கணக்கிடும் ஜிஎஸ்டி விதி 89(5)-இன் சூத்திரத்தில் நூல் போன்ற உள்ளீட்டுப் பொருள்களுக்குக் கட்டிய வரிக்கு மட்டுமே இடமுண்டு. புதுத் தறி வாங்கியபோது கட்டிய வரி, ஆடிட்டர் கட்டணத்தின் மீதான வரி போன்றவை திரும்ப வராது. காலணி நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லும் என்றது. ஆனால் சூத்திரத்திலுள்ள முரண்பாடுகளை மறுபரிசீலனை செய்யும்படி ஜிஎஸ்டி கவுன்சிலைக் கேட்டுக்கொண்டது. 2022 ஜூலை 5-இல் சூத்திரம் திருத்தப்பட்டது. நிலைமை ஓரளவு மேம்பட்டது, அவ்வளவுதான்.

காலதாமதமும் ஒரு செலவுதான். அப்போது ஏற்றுமதியாளருக்கு 90 சதவீதத்தைத் தற்காலிகமாக முன்கூட்டியே தரும் வழி இருந்தது, எங்களுக்கு இல்லை. 60 நாள் தாண்டினால் அரசு தரும் வட்டி 6 சதவீதம். நூல் வாங்க நாங்கள் எடுக்கும் கடனுக்கு எந்த வங்கியும் அந்த வட்டியில் பணம் தருவதில்லை. பெரிய ஆலை இதைத் தாங்கும். பத்துத் தறி வைத்திருப்பவர் நூல் வாங்குவதைக் குறைப்பார், தறி நிற்கும்.

2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழைக்கும் நூலுக்கும் துணியைப் போலவே 5 சதவீதம் ஆகிவிட்டது. ஆண்டுக்கணக்கில் நாங்கள் கேட்டது இதைத்தான். அதற்கு முந்தைய மாதங்களின் தொகை இன்னும் தேங்கியிருக்கும் தறிக்காரர்கள், அந்தந்த மாதத்து ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கு முன் 2பி-யைப் பில்லோடு ஒப்பிட்டு, ஏறாத பில்களுக்கு உரிய வியாபாரிகளை இப்போதே அழைத்துப் பேசுங்கள்.