தட்டையான கோடு

திரையில் ஒரு கோடு, மேடு பள்ளம் எதுவும் இல்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஓடுபாதைக்குப் போகும் முன் விமானி யோக்கை, அதாவது கையில் பிடித்து ஓட்டும் கைப்பிடியை, முழுக்க முன்னால் தள்ளி, முழுக்கப் பின்னால் இழுத்துப் பார்த்திருந்தால், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற பலகை கீழும் மேலும் அசைந்திருக்கும்; அந்தக் கோட்டில் ஒரு மேடும் ஒரு பள்ளமும் விழுந்திருக்கும். விழவில்லை. அந்தப் பறப்பின் விமானி நான்தான்.

தனியார் ஜெட் ஓட்டும் வேலையோடு பாதுகாப்புப் பொறுப்பும் என்னிடம் வந்த முதல் மாதம் அது. பதிவுக் கருவியின் டேட்டாவை இறக்கி ஒவ்வொரு பறப்பாகப் பார்ப்பது புது வேலை. மற்றவர்களின் தவறைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

அதுவரை எங்கள் ஆண்டறிக்கையில் ‘விபத்து: 0’ என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தவன் நான். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பூஜ்யம் எவ்வளவு சின்னது என்று உறைத்தது. விபத்து விகிதத்தை ஒரு லட்சம் பறப்பு மணிக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம். எங்களிடம் 3 ஜெட்கள், ஆண்டுக்கு மொத்தம் 1,200 மணி நேரம் பறக்கும். ஒரு லட்சம் மணியைத் தொட எங்களுக்கு 80 ஆண்டுக்கு மேல் ஆகும். பெரிய விமான நிறுவனம் அதைச் சில வாரங்களிலேயே பறந்துவிடும். அப்படியிருக்க, பத்து ஆண்டு விபத்தில்லாமல் ஓட்டினோம் என்பது எதையும் நிரூபிக்காது. நாம் சரியாக ஓட்டினோமா, தப்பித்துக்கொண்டே இருந்தோமா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

பெட்ஃபோர்டு விபத்தைப் பற்றி அதற்கு முன்பும் படித்திருந்தேன். அன்றைக்கு மறுபடி எடுத்துப் படித்தபோது கை நடுங்கியது. 2014 மே 31, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், பெட்ஃபோர்டில் உள்ள ஹான்ஸ்கம் விமான தளம். ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ஜெட். நிறுத்தி வைத்திருக்கும்போது வாலிலும் இறக்கையிலும் உள்ள அசையும் பகுதிகள் காற்றில் அடிபடாமல் இருக்க ‘கஸ்ட் லாக்’ என்றொரு பூட்டு உண்டு. இன்ஜினைக் கிளப்பும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கவில்லை. மறந்தாலும் கவலையில்லை, அடுத்து வரும் கன்ட்ரோல் செக்கில், அதாவது யோக்கைத் தள்ளி இழுத்துப் பார்க்கும் அந்தச் சோதனையில், யோக் அசையாது, உடனே தெரிந்துவிடும். அந்தச் செக்கையும் செய்யவில்லை. பூட்டு போட்டிருந்தால் இன்ஜின் சக்தியைக் கூட்ட முடியாதபடி தடுக்க வேண்டிய அமைப்பும் போதிய அளவு தடுக்கவில்லை. ஓடுபாதையில் வேகம் பிடித்த பிறகுதான் பூட்டு நினைவுக்கு வந்தது. அப்போதும் உடனே நிறுத்தாமல், ஓடிக்கொண்டே பூட்டை விடுவிக்கப் பார்த்திருக்கிறார்கள். ஓடுபாதை தாண்டி, பள்ளத்தில் இறங்கித் தீப்பிடித்து, 7 பேரும் இறந்தார்கள்.

அந்த இரண்டு விமானிகளும் பல ஆண்டுகள் சேர்ந்தே ஓட்டியவர்கள். சர்வதேசப் பாதுகாப்புச் சான்றிதழும் அந்த நிறுவனத்திடம் இருந்தது. ஆனால் விசாரணையில் அதே விமானத்தின் முந்தைய 175 பறப்புகளைப் பார்த்தபோது, கன்ட்ரோல் செக்கை முழுமையாகச் செய்தது இரண்டே இரண்டில். மீதி அத்தனையும் விபத்தில்லாத பறப்புகள்தான்.

இது இரண்டு பேரின் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவின் தேசிய வணிக விமானச் சங்கம் பிறகு ஏறத்தாழ 1,44,000 பறப்புகளின் டேட்டாவை ஆராய்ந்தது. கிட்டத்தட்ட 18 சதவீதத்தில் அந்தச் செக் அரைகுறை, அல்லது அறவே இல்லை.

எனக்கு அது ஏன் விட்டுப்போனது? யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு உரிமையாளர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, “கிளம்பலாமா?” என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். திட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. நானேதான் அவசரப்பட்டேன். சம்பளம் கொடுப்பவர் நாலு அடி பின்னால் உட்கார்ந்திருக்கும் வேலை இது. பெரிய விமானத்தில் பயணியின் அவசரம் விமானி காதுக்கு வராது. இங்கே காக்பிட் கதவு வரை வந்து நிற்கும். 2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற மலை ஊரில் கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஜெட் ஒன்று மலைச்சரிவில் மோதி 18 பேர் இறந்ததிலும் இதே கதைதான். புறப்பாடு தாமதம், இரவு நேரத் தடை நெருங்கிக்கொண்டிருந்தது, வாடிக்கையாளர் தரப்பிலிருந்து அங்கேயே இறங்கச் சொல்லி அழுத்தம். இது விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது.

என் கோட்டை அச்செடுத்து, அடுத்த கூட்டத்தில் மற்ற விமானிகள் முன்னால் வைத்தேன். ‘இது என்னுடையது’ என்று சொன்னபோது அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு கோபைலட், “சார், என்னோடதையும் பாருங்க,” என்றார். தண்டனை கிடையாது என்பதை எழுத்தில் வாங்கினேன். அது இல்லாமல் இந்த வேலை ஒரு நாள்கூட நடந்திருக்காது. இப்போது ‘விபத்து: 0’ வரிக்கு மேலே, தட்டையான கோடுகள் எத்தனை என்று மாதாமாதம் எழுதுகிறோம். முதல் மாதம் 11. போகப் போகக் குறைந்தது.

சென்ற மாதம் இரண்டு. இரண்டுமே பயணிகள் தாமதமாக வந்த நாள்கள். ஒன்று, எனக்கு இந்த ஜெட்டை ஓட்டக் கற்றுக்கொடுத்த மூத்த கேப்டனுடையது. நாளைக் காலை அவரோடு உட்காருகிறேன். அவருடைய கோட்டுக்குப் பக்கத்தில் வைக்க என் பழைய கோட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.