வெப்ப எச்சரிக்கை சாரத்தின் மேலும் எட்ட வேண்டும்

வானிலை மையம் வெப்ப அலை எச்சரிக்கை விடுத்தால் அது நம் கைப்பேசிக்கு உடனே வந்துவிடுகிறது. ஆனால் சாரத்தின் மேல் நின்று பூசிக்கொண்டிருக்கும் கொத்தனாருக்கு அதைச் சொல்ல வேண்டியவர்கள் மேஸ்திரியும், பொறியாளரும், வீடு கட்டுபவரும்தான்.

சென்ற சித்திரையில் மதுரை திருப்பாலையில் நான் மேற்பார்த்த வீட்டில் தளக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தபோது, நண்பகலில் சித்தாள் அக்கா ஒருவரின் பேச்சு குழறியது. களைப்பு என்றே முதலில் எண்ணினோம். அது ஹீட் ஸ்ட்ரோக்கின் அறிகுறி. நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-ஐ அழைத்தோம், அவர் பிழைத்துக்கொண்டார். நினைவு தடுமாறியவரின் வாயில் தண்ணீர் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

பின்னர் அவர் சொன்ன காரணம் இன்றும் என்னை வருத்துகிறது. அங்கே கழிப்பறை இல்லாததால், காலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்திருக்கிறார். குடம் நிறையத் தண்ணீர் வைத்த நான் இதை எண்ணிப் பார்க்கவே இல்லை.

இப்போது அஸ்திவாரம் தோண்டும் முன்பே தற்காலிகக் கழிப்பறை அமைக்கச் சொல்கிறேன். கான்கிரீட்டைத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்துவது கடினம் என்பதால், எச்சரிக்கை வந்த நாளில் விடியலிலேயே தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்கிறோம், அல்லது தள்ளிவைக்கிறோம். வெயிலுக்குப் பழகாத புதியவர்களுக்கு முதல் வாரம் பாதி நேர வேலைதான், முழுச் சம்பளத்துடன்.