வளையம் இல்லாத சனி

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். வேப்பமரம், பிரேயர் மைதானம், மணியடிக்கத் தொங்கிய தண்டவாளத் துண்டு எல்லாவற்றையும் போன மலரிலேயே எழுதித் தீர்த்துவிட்டீர்கள். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு பொய்தான். முப்பது வருஷப் பழையது.

1996 ஜனவரி. நான் ஒன்பதாம் வகுப்பு. பொங்கல் லீவு முடிந்து வந்த சனிக்கிழமை, சயின்ஸ் சார் எங்களைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனார். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய் ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் வந்துவிடும். ஆனாலும் ஊர்க்காரர்களில் பாதிப் பேர் அதை எட்டிப் பார்த்ததில்லை. "சனிக் கிரகத்தோட வளையத்தைக் கண்ணால பார்க்கப் போறீங்கடா" என்று ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி எங்களைச் சூடேற்றி வைத்திருந்தார் சார்.

வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கும்ப ராசி. ஏழரை நடந்துகொண்டிருந்தது, அதிலும் ஜென்மச் சனி. "அவன் பார்வை உன் மேல படக்கூடாதுன்னு வாராவாரம் எள்ளு தீபம் ஏத்திக்கிட்டிருக்கேன். நீ குழாய் வெச்சு அவனைத் தேடிப் பார்க்கப் போறியா?" அந்த ஜனவரியில் சனி, வானியல்காரர்கள் கணக்கிலும் கும்ப விண்மீன் கூட்டத்தில்தான் இருந்தது. அம்மாவும் காவலூரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. கடைசியில் அப்பா, "மேக்ஸ்ல மார்க் வராததுக்கு சனி என்ன பண்ணும்?" என்று கேட்டுத் தீர்த்துவைத்தார்.

டெம்போ வேனில் இருபத்திரண்டு பேர். புளிசாதப் பொட்டலம், மங்கி குல்லா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை நாங்கள் எல்லாரும் "குப்பம்" என்றே கூப்பிடுவோம். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பம் ஊரிலிருந்து வந்து, வாணியம்பாடியில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவன். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் உருது, வகுப்பில் தட்டுத் தடுமாறித் தமிழ். அதனால் பேச்சு கம்மி.

உள்ளே போகும்போதே டிரைவர் ஹெட்லைட்டை அணைக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் அங்கே எதிரி. இறங்கி நின்றால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. அமாவாசை வேறு. மரங்களுக்கு மேலே பெரிய கோபுரத்தின் கூரை மட்டும் சாம்பலாகத் தெரிந்தது. உள்ளே இருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து, அதைக் கட்டக் கனவு கண்ட வைணு பாப்புவின் பெயரை அதற்குச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்காமலே 1982-இல் இறந்துபோயிருந்தார். நாங்கள் அதில்தான் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே இருந்த ஊழியர் சிரித்துவிட்டார். "அதுல யாரும் கண்ணு வெச்சுப் பார்க்கறதில்ல தம்பி. கருவிதான் பார்க்கும்." எங்களுக்கு வாய்த்தது வெளியே நிறுத்தியிருந்த சின்னத் தொலைநோக்கி.

மேற்கே வெள்ளி, அதற்கு மேலே சனி. ஒன்பது மணி சுமாருக்குச் சனி மறைந்துவிடும், சீக்கிரம் வாங்க என்றார்கள். வரிசையில் எனக்கு முன்னால் போனவன் ஆர்வத்தில் குழாயைப் பிடித்து இழுத்துவிட்டான். ஊழியர் குனிந்து மறுபடி சனியைத் தேடிக் கொண்டுவந்து, "கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாரு" என்றார். கட்டிக்கொண்டேன். புருவத்தில் உலோகம் சில்லென்று பட்டது. முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் ஒரு மஞ்சள் உருண்டை. தண்ணீருக்குள் கிடக்கும் கொண்டைக்கடலை மாதிரி நெளிந்துகொண்டு மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. அவ்வளவுதான். வளையம் கிளையம் ஒன்றும் இல்லை.

"தெரிஞ்சுதா?" என்றார் சார். "சூப்பரா தெரிஞ்சுது சார்" என்றேன். எனக்கு முன்னால் பார்த்த எல்லாருமே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கடைசியில் சார் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஊழியரிடம் தனியாகப் போய் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அதற்குள் கிழக்கே திரும்பியிருந்தோம். திருவாதிரைக் களி தின்று பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் திருவாதிரை நட்சத்திரமே சிவப்பாக மேலே நிற்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை, பார்த்ததை வரைந்து வா என்றார் சார். பாடப்புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வளையத்துக்கு ஆரஞ்சும் மஞ்சளும் தீட்டி, நடுவே கறுப்பு இடைவெளிகூட விட்டு வரைந்தேன். சாட்சிக்கு நாலு வரி: "வளையங்கள் மிகத் தெளிவாகத் தெரிந்தன. மெய்சிலிர்த்துப் போனேன்."

இருபத்திரண்டு நோட்டில் இருபத்தொன்றில் வளையம் இருந்தது. குப்பம் மட்டும் பத்துப் பைசா அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, கீழே "சனி. ரிங்கு லேது" என்று எழுதியிருந்தான். நாங்கள் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை.

அப்புறம் போர்டில் வரைந்து விளக்கினார். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருஷம். சாய்ந்தபடியே சுற்றுவதால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வளையத்தின் விளிம்பு நம் பக்கம் திரும்பிவிடும். வளையத்தின் குறுக்களவு 2,70,000 கிலோமீட்டருக்கும் மேல். கனமோ பெரும்பாலான இடங்களில் பத்திருபது மீட்டர்தான். தாளை விளிம்பு வழியாகப் பார்க்கிற மாதிரி, இருந்தும் தெரியாது. அந்த ஜனவரியில் சூரியன் வளையத்துக்கு ஒரு பக்கம், நாம் இன்னொரு பக்கம். நம் பக்கம் இருட்டு. 1612-இல் கலிலியோவே இதே மாதிரி ஏமாந்து குழம்பியிருக்கிறார். "எனக்கும் இது தெரியாதுடா. அங்க கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார் சார். ஒரு வாத்தியார் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் சொன்னார். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனபோது, அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் முன்னும் பின்னுமாகச் சில முறை மங்கியது. அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. யுரேனஸுக்கு வளையம் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. "யாரும் வளையத்தைப் பார்க்கல. இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நீங்க என்னடான்னா..." என்று நிறுத்திவிட்டு நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். என் படத்துக்கு டிக்கும் இல்லை, தப்பும் இல்லை. சார் அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

போன நவம்பரில், இங்கே மெல்போர்னில், மகளுக்காக வாங்கிய சின்னத் தொலைநோக்கியைக் கொல்லைப்புறத்தில் வைத்தேன். வெயில்காலம் நெருங்கிவிட்டதால் ஒன்பதரை மணிக்குத்தான் சரியாக இருட்டியது. வடக்கே நல்ல உயரத்தில் சனி. முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி கும்பத்துக்கே வந்திருந்தது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி மீனத்துக்குப் போயாச்சு, வாக்கியப் பஞ்சாங்கப்படி இன்னும் கும்பம்தான் என்று அம்மா போனில் சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் சேர்த்து விளக்கு ஏற்றுகிறாளாம்.

மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். நான்தான் கட்டச் சொன்னேன். கேள்வி மட்டும் நான் கேட்கவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

"அப்பா, பட்டாணியில யாரோ குண்டூசி குத்தி வெச்சிருக்காங்க."