கணுக்காலிகள் கற்றுக்கொடுத்த ஆங்கிலம்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு விலங்கியல் இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்த முதல் வாரத்தில், விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதிய தொகுதிப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குக்கூட நான் திணறினேன். ஆர்த்ரோபோடா, எக்கினோடெர்மேட்டா, பிளாட்டிஹெல்மின்தஸ் என்று வரிசையாக வந்த அந்தப் பெயர்களை, படம் வரைவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். இரவில் விடுதி அறையில் ஒவ்வொன்றையும் இருபது முறை எழுதிப் பார்ப்பேன். விடிந்ததும் பாதி மறந்திருக்கும். ஆங்கிலவழியில் படித்து வந்தவர்களுக்கு மட்டுமே உரிய பாடம் இது என்ற எண்ணம் அந்த நாட்களில் எனக்குள் ஆழமாக வேரூன்றியிருந்தது.

அந்த எண்ணத்தைக் கலைத்தது கல்லூரி நூலகத்தில் இருந்த பெரிய ஆங்கில அகராதி. அதில் ஒவ்வொரு சொல்லின் விளக்கத்தோடும், சதுர அடைப்புக்குள், மிகச் சிறிய எழுத்தில் அச்சொல் பிறந்த கதை தரப்பட்டிருக்கும். ஆர்த்ரோபோடாவைத் தேடியபோது, கிரேக்க மொழியில் ‘ஆர்த்ரான்’ என்றால் மூட்டு என்றும், ‘போடோஸ்’ என்பது காலைக் குறிக்கும் சொல் என்றும் இருந்தது. மூட்டு, கால், கணு, கால், கணுக்காலி! பள்ளித் தேர்வுகளில் எத்தனையோ முறை நான் எழுதிய தமிழ்ச் சொல்தான் கிரேக்க உடையில் என் முன்னே நின்றது. யாரோ ஒரு தமிழறிஞர் அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் வைத்து எனக்காக முன்பே ஒட்டிவைத்திருந்தார் என்பதை உணர்ந்த அந்தப் பிற்பகலை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பிளாட்டிஹெல்மின்தஸ் என்பதில் ‘பிளாட்டிஸ்’ தட்டை, ‘ஹெல்மின்த்’ புழு, ஆகவே தட்டைப்புழு. எக்கினோடெர்மேட்டாவில் ‘எக்கினோஸ்’ முள்ளெலி, ‘டெர்மா’ தோல்; ஆகவே முட்தோலி. மொலஸ்கா என்ற பெயர் ‘மோல்லிஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வருவது. அதன் பொருள் மென்மை, நம் சொல் மெல்லுடலி. இந்த ஒரு பக்கப் பட்டியலே அடுத்த சில மாதங்களுக்கு எனக்கு அகராதியாக இருந்தது. பாட்டியின் மருத்துவச் சீட்டில் கண்ட ஆர்த்ரைட்டிஸ் கணுக்காலியின் மூட்டேதான். தோல் மருத்துவரான டெர்மட்டாலஜிஸ்ட், மேல்தோலான எபிடெர்மிஸ், தோலுக்கு அடியில் செலுத்தும் ஹைப்போடெர்மிக் ஊசி ஆகிய மூன்றிலும் முட்தோலியின் தோல் இருந்தது. சருமத்தை மென்மையாக்கும் களிம்பின் உறையில் எமோலியன்ட் என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து மெல்லுடலியை நினைத்துக்கொண்டேன். குடற்புழு மருந்துகளை ஆன்தெல்மின்டிக் என்று ஏன் அழைக்கிறார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பூச்சியியல் தொடங்கியபோது ‘டெரான்’, அதாவது சிறகு, வந்து சேர்ந்தது. ஈயும் கொசுவும் அடங்கிய வரிசை டிப்டெரா, இரு சிறகுகள் கொண்டது. வண்ணத்துப்பூச்சிகளின் லெபிடாப்டெரா செதிற்சிறகிகள். வண்டுகளின் கோலியாப்டெரா உறைச்சிறகிகள். அதே சிறகுதான் ஹெலிகாப்டரிலும் இருக்கிறது. அந்தச் சொல்லை ஹெலி, காப்டர் என்று உடைப்பது எல்லோருக்கும் பழகிவிட்டது. உண்மையில் அது ‘ஹெலிக்கோ’ என்ற சுருளும் ‘ப்டெர்’ என்ற சிறகும் சேர்ந்தது.

இவ்வாறு பிரிப்பது தமிழ் மாணவருக்குப் புதிய வித்தையன்று. ‘வந்தனன்’ என்ற சொல்லை வா, த், த், அன், அன் என்று பிரித்து, பகுதி எது, சந்தி எது, இடைநிலை எது, சாரியை எது, விகுதி எது என்று இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதிப் பழகியவர்கள் நாம். நன்னூல் வகுத்த அந்தப் பகுபத உறுப்பிலக்கணத்தைப் படித்தவருக்கு, ஆங்கிலச் சொல்லையும் முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று பிரிக்கும் கண் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கில வகுப்பில் யாரும் நினைவூட்டுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எழுத்துக்கூட்டலிலும் இந்த அறிவு எனக்குப் பேருதவி செய்தது. போட்டோவுக்கு எஃப் போடாமல் பி, எச் என இரண்டு எழுத்துகளை ஏன் போட வேண்டும், கெமிஸ்ட்ரியில் சி, எச் ஏன் க் என்று ஒலிக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு ஒரே விடைதான்: அவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. கிரேக்கத்தின் ‘ஃபை’ என்ற எழுத்தை உரோமானியர் பி, எச் என்றும், ‘கை’ என்ற எழுத்தைச் சி, எச் என்றும் எழுதினார்கள். சைக்காலஜியின் முதலில் ஒலிக்காமல் நிற்கும் பி, கிரேக்கத்தில் ஒலித்த எழுத்து. அதேபோல ‘ரோ’ என்ற கிரேக்க எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஆர், எச் ஆகும். முன்னொட்டைத் தொடர்ந்து வரும்போது ஆர் பெரும்பாலும் இரட்டிக்கும். ‘டயா’ என்றால் ஊடாக, ‘ரியா’ என்றால் ஓட்டம் என்று அறிந்த பிறகு, வயிற்றுப்போக்கைக் குறிக்கும் டயரியா என்ற சொல்லில் நான் ஒருமுறைகூட எழுத்தைத் தவறவிட்டதில்லை.

எனினும் வேர்ச்சொல்லைக் கண்மூடித்தனமாக நம்புவதும் தவறு. ‘பெட்’ என்ற துண்டு இலத்தீனிலிருந்து வந்திருந்தால் கால். பெடல், பெடஸ்ட்ரியன் என்பவை அவ்வாறு வந்தவை. கிரேக்கத்திலிருந்து வந்திருந்தால் அது ‘பாய்ஸ்’, அதாவது குழந்தை; பீடியாட்ரிக்ஸ் குழந்தை மருத்துவமானது அதனால்தான். எலும்பு மருத்துவத்தின் பெயரான ஆர்த்தோபீடிக்ஸில் இருப்பது காலே என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். 1741இல் அச்சொல்லை அமைத்த பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி, குழந்தைகளின் உடற்கோணல்களை நேராக்குவதைப் பற்றியே எழுதினார். ‘ஆர்த்தோஸ்’ என்றால் நேர், மீதி குழந்தை. நீர்யானையும் இப்படித்தான் ஏமாற்றும். நமக்கு அது யானை; கிரேக்கருக்கோ ஹிப்போபொட்டமஸ் ஆற்றுக் குதிரை. மேலும் கெட், புட், டேக் போன்ற அன்றாடச் சொற்கள் ஜெர்மானிய வழியில் வந்தவை. அவற்றைப் படித்தும் பேசியும்தான் பழக வேண்டும். அங்கே கிரேக்கமும் இலத்தீனும் துணைக்கு வாரா.

சென்ற மாதம் செவிலியர் படிப்பில் முதலாண்டு படிக்கும் அக்கா மகள் நோட்டோடு வந்து, “சித்தி, நாளைக்கு டெஸ்ட். இந்த மூணும் எனக்கு ஒரே மாதிரி தெரியுது” என்றாள். கேஸ்ட்ரெக்டமி, கேஸ்ட்ராட்டமி, கேஸ்ட்ராஸ்டமி என்று மூன்று சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மூன்றிலும் முதலில் வருவது இரைப்பை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, குழப்பமெல்லாம் வாலில்தான். ‘டோம்’ என்றால் வெட்டு என்று தொடங்கினேன். வெட்ட முடியாதது ஆட்டம், அதாவது அணு. வெறும் வெட்டு மட்டும் இருந்தால் இரைப்பையைத் திறப்பது. ‘எக்’ என்றால் வெளியே. அதுவும் சேர்ந்தால் வெட்டி வெளியே எடுப்பது. மூன்றாவதைச் சொல்லாமல், பத்தாம் வகுப்புத் தாவரவியலில் ஸ்டோமேட்டா என்று என்ன படித்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“இலைத்துளை” என்றாள்.

கிரேக்கத்தில் ‘ஸ்டோமா’ என்றால் வாய் என்றேன். அவள் சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வார்டில் வாய்வழியாக விழுங்க முடியாத ஒரு முதியவருக்கு வயிற்றில் பொருத்தியிருந்த குழாயின் வழியே கஞ்சி செலுத்தியதைத் தான் பார்த்ததாகச் சொல்லிவிட்டு, மூன்றாவது சொல்லுக்கு எதிரே ‘இரைப்பைக்கு வாய்’ என்று தமிழில் எழுதிக்கொண்டாள்.